ஆறு நூல் பலகை

வாஷ்பேசினுக்குக் கீழே இருக்கும் கதவு நாலைந்து மாதமாகவே முரண்டு பிடித்துக்கொண்டிருந்தது. முதலில் பக்கத்துக் கதவோடு உரசியது. பிறகு கீழ் விளிம்பில் மைக்கா லேசாகப் பெயர்ந்து, உள்ளே பழுப்பாக ஏதோ பிதுங்கி நின்றது. ஒரு நாள் காலையில் டிராயரை இழுத்தபோது முகப்பலகை மட்டும் கைப்பிடியோடு என் கையில் வந்துவிட்டது. பெட்டி உள்ளேயே இருந்தது. வாங்கி முழுதாக நாலு வருஷம்கூட ஆகவில்லை.

மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவுக்கெல்லாம் மரவேலை செய்யும் ஆசாரி வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கதவின் மேல் பக்கத்தை விரலால் தட்டினார், பிறகு கீழ்ப் பக்கத்தை. மேலே 'டக் டக்' என்றது, கீழே ஈரத் துணியைத் தட்டியதுபோல் சத்தமே இல்லை. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, பிதுங்கிய இடத்தில் குத்தினார். பென்சில் அரை அங்குலம் உள்ளே போயிற்று.

"இது மரமே இல்ல சார். மரத்தூள் புட்டு" என்றார்.

டேப்பை வைத்து அளந்தார். கதவின் மேல் விளிம்பு ஆறு நூல், கீழ் விளிம்பு எட்டு நூல். எட்டு நூல் ஓர் அங்குலம் என்பது தச்சுக் கணக்கு. அப்படியென்றால் கடையிலிருந்து முக்கால் அங்குலமாக வந்த பலகை, கீழே மட்டும் ஓர் அங்குலமாகப் பருத்துவிட்டது. மூன்றில் ஒரு பங்கு வளர்ச்சி. முகப்பில் ஒரு கீறல் இல்லை. வெள்ளை மைக்கா வாங்கிய நாளில் இருந்ததுபோலவே பளபளத்தது. உங்கள் வீட்டுக் குளியலறைக் கதவையும் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் இதே கதைதான் இருக்கும்: முகம் பழுதில்லை, விளிம்பில் நோய்.

மரத்துக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவு அவ்வளவு எளிதில் அறுகிற உறவு இல்லை. மரத்தின் செல் சுவர் செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின் ஆகிய மூன்றால் ஆனது. முதல் இரண்டும் சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த சங்கிலிகள். அந்தச் சங்கிலிகளின் உடம்பெல்லாம் ஹைட்ராக்சில் என்னும் கொக்கிகள். ஒவ்வொரு கொக்கியும் ஒரு தண்ணீர் மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளத் தயாராக நிற்கிறது. காற்றில் ஈரம் ஏறினால் தண்ணீர் மூலக்கூறுகள் அந்தச் சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து அவற்றை விலக்குகின்றன. செல் சுவர் தடிக்கிறது. மரத்தின் எடையில் ஏறத்தாழ 28 முதல் 30 சதவீதம் தண்ணீர் சேரும்வரை இந்தத் தடிப்பு தொடரும். அதற்கு மேல் வரும் தண்ணீர் செல்லின் வெற்றிடத்தில் போய்த் தேங்கும். எடை கூடுமே தவிர மரம் மேலும் பெருக்காது.

காற்றின் ஈரப்பதம் 65 சதவீதம் இருந்தால் மரத்தில் சுமார் 12 சதவீதம் தண்ணீர் நிற்கும். ஐப்பசி அடைமழையில் காற்றின் ஈரம் 80-ஐத் தாண்டினால் மரத்தில் அது 16, 17 சதவீதமாகும். தேக்கில் ஓர் அடி அகலப் பலகை இந்த ஐந்து சதவீத ஏற்றத்துக்கு 3 மி.மீ. வரை அகலத்தில் கூடும். ஊர்வீட்டுக் கதவு மழைக்காலத்தில் நிலையோடு இறுகிக்கொள்வதும், தை வெயிலில் தானாகவே விட்டுக்கொடுப்பதும் இதனால்தான். நீளவாக்கில் மட்டும் மரம் அசைந்துகொடுப்பதே இல்லை. ஆயிரத்தில் ஒரு பங்கு அசைந்தால் அதிகம். கொக்கிச் சங்கிலிகள் எல்லாம் நீளவாக்கில் படுத்திருப்பதால், தண்ணீர் அவற்றைப் பக்கவாட்டில்தான் விலக்க முடியும்.

கவனிக்க வேண்டியது, தேக்கு திரும்பி வந்துவிடுகிறது என்பதை. என் கதவு திரும்பி வரவில்லை. சித்திரை வெயில் கொளுத்தியபோதும் அந்த எட்டு நூல் எட்டு நூலாகவே இருந்தது.

ஆசாரி சொன்ன புட்டு உவமையிலேயே இதற்கு விடை இருக்கிறது. பார்ட்டிகிள் போர்டு செய்கிற விதம் இப்படி: மரச் சில்லுகளில், எடையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான பிசினைத் தெளித்து, மெத்தைபோல் பரப்பி, 200 டிகிரியை ஒட்டிய சூட்டில் அழுத்துவார்கள். கனமீட்டருக்கு 400, 500 கிலோ எடையுள்ள லேசான மரச் சில்லுகள் நசுங்கி நசுங்கி 650, 700 கிலோ பலகையாகின்றன. புட்டுக் குழலில் மாவைக் கைவலிக்கத் திணித்ததுபோல. ஒவ்வொரு சில்லும் உள்ளே முறுக்கி வைத்த வில்லாகத்தான் இருக்கிறது. பிசின் பிடித்து வைத்திருக்கும்வரை வில் அடங்கிக் கிடக்கும். தண்ணீர் பட்டதும் சில்லு மென்மையாகி, அழுத்தம் விடுபட்டு, பழைய உருவத்துக்கு நிமிர்ந்துவிடும். நிமிர்ந்த சில்லு, பக்கத்துச் சில்லோடு இருந்த பிசின் முடிச்சை அறுத்துக்கொள்ளும். அப்புறம் எவ்வளவு காய வைத்தாலும் அதை மறுபடி நசுக்க யார் வரப்போகிறார்கள்? தேக்கின் பெருக்கம் மூச்சு வாங்குவது மாதிரி. இது எலும்பு முறிவு.

பிசினும் கூட்டுச் சதிக்காரன்தான். மலிவான பலகைகளில் இருப்பது யூரியா ஃபார்மால்டிஹைடு. தண்ணீரை வெளியேற்றிக்கொண்டே இறுகுகிற பிசின் அது. ஈரமும் சூடும் நீடித்துக் கிடைத்தால் அதே வினை பின்னோக்கி ஓடும்: தண்ணீரை வாங்கிக்கொண்டு பிசின் அவிழும், ஃபார்மால்டிஹைடு வாயு வெளியேறும். கீசர் ஓடும் மூடிய குளியலறையில் அந்த இரண்டுக்கும் பஞ்சமில்லை. புது கேபினெட்டின் டிராயரைத் திறந்ததும் கண்ணைக் கரிக்கும் நெடி அந்த வாயுவுடையதுதான். 'புதுசு வாசனை' என்று சிலர் ரசிக்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் வரிசையில் வைத்தது. சில நாள் டிராயர்களைத் திறந்து போட்டு, ஜன்னலையும் திறந்து வைப்பது நல்லது.

எம்.டி.எஃப். என்கிற பலகை சில்லுக்குப் பதில் நாராக உரித்த மரத்தால் ஆனது. பார்க்க வழவழப்பு, பெயின்ட் அடிக்க அருமை. பச்சை நிறச் சாயம் போட்டு ஈரம் தாங்கும் வகை என்று விற்பதும் உண்டு. பச்சைக்கும் தண்ணீருக்கும் சம்பந்தமில்லை. நிறம் வெறும் அடையாளம். உள்ளே மெலமைன் கலந்த பிசினும் மெழுகும் இருப்பதால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். காற்றின் ஈரத்தை அது தாங்கும், தேங்கிய தண்ணீரை அல்ல.

சரி, தண்ணீர் எப்படி உள்ளே போயிற்று? முகப்பு வழியாக இல்லை. நம் தச்சர்கள் 'மைக்கா' என்று சொல்லும் அந்தத் தகட்டில் ஒரு துளி மைக்காவும் கிடையாது. 1907-ல் பேக்லாண்ட் கண்டுபிடித்த பேக்லைட் பிசினின் வாரிசு அது. அமெரிக்காவில் வெஸ்டிங்ஹவுஸில் வேலை பார்த்த ஓ'கானரும் ஃபேபரும் மின்கருவிகளில் மைக்காவுக்குப் பதிலாக வைக்க, பிசின் ஊட்டிய தகட்டைச் செய்தார்கள். 1913-ல் தனிக் கம்பெனி தொடங்கினார்கள். 'மைக்காவுக்குப் பதில்' என்ற ஆங்கிலச் சொற்கள்தான் ஃபார்மைக்கா ஆனது. மைக்காவை ஒழிக்க வந்த பொருளுக்கு நம் ஊரில் மைக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. பழுப்புக் காகித அடுக்குகளைப் பிசினில் ஊறவைத்து, மேலே படம் போட்ட தாளுக்கு மெலமைன் பூசி, சூட்டில் அழுத்திய 1 மி.மீ. தகடு. தண்ணீர் அதன் மேல் உருண்டு ஓடிவிடும். ஷோரூமில் நாம் தடவிப் பார்ப்பது அதைத்தான். நிறம், மினுமினுப்பு எல்லாம் பார்த்து வாங்குவதும் அதைத்தான். கதவின் ஆயுளோ நாம் குனிந்து பார்க்காத கீழ் விளிம்பில் இருக்கிறது.

என் கதவின் விளிம்புகளில் மூன்று பக்கம் மட்டுமே பிளாஸ்டிக் பட்டை ஒட்டியிருந்தது. கீழ்ப்பக்கம் அம்மணம். விரலை வைத்துத் தடவினால் சொரசொரப்பு. யாருக்குத் தெரியப்போகிறது என்று விட்டிருக்கிறார்கள். அந்தச் சொரசொரப்பு முழுக்க நுண்துளைகள். குழாய் எவ்வளவு குறுகலோ தண்ணீர் அவ்வளவு உயரம் ஏறும். ஆரம் 1 மி.மீ. உள்ள கண்ணாடிக் குழாயில் ஒன்றரை சென்டிமீட்டர் ஏறும். நூறில் ஒரு மில்லிமீட்டர் என்றால் கணக்குப்படி ஒன்றரை மீட்டர். பலகைக்குள் வழி கோணல்மாணலானது என்பதால் அவ்வளவு ஏறாது. ஆனால் அகல்விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் பார்த்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. கதவின் கீழ் விளிம்பில் தொங்கி நிற்கும் ஒரு சொட்டு, கீழே விழுவதா மேலே போவதா என்று யோசித்து, மேலே போகிறது.

இன்னும் சில வாசல்களும் உண்டு. கீலின் கிண்ணத்துக்காகக் கதவின் உள்பக்கம் தோண்டும் 35 மி.மீ. குழி, கைப்பிடிக்குப் போடும் துளைகள். ஈரக் கையோடு நாளுக்குப் பத்துமுறை கைப்பிடியைத் தொடுகிறோம். அந்தத் துளை ஓரத்தில் வட்டமாகப் புடைத்திருந்தால் காரணம் வேறு தேட வேண்டாம். சலவைக்கல்லும் பேசினும் சேரும் இடத்தில் சிலிகான் காய்ந்து பிளந்திருந்தால் கேபினெட்டின் தலையிலேயே தண்ணீர் இறங்கும். அதைச் சரிசெய்யாமல் கதவை மாற்றுவது, ஓட்டை வாளியை மாற்றாமல் கயிற்றை மாற்றுவதுதான்.

இந்தக் கேபினெட்டின் வடிவம், குளிக்கும் இடத்தைக் கண்ணாடித் தடுப்புக்குள் அடைத்து மீதித் தரையைக் காய்ந்ததாக வைத்திருக்கும் நாடுகளில் பிறந்தது. நம் குளியலறையில் வாளியும் குவளையும் ஆட்சி செய்கின்றன. குளித்து முடித்ததும் தரை முழுக்கத் தண்ணீரை அடித்துக் கழுவித் தள்ளினால்தான் நமக்குத் திருப்தி. எனக்கு இதில் வெட்கமில்லை. பழக்கத்தை மாற்றச் சொல்வதைவிடக் கேபினெட்டைத் தரையிலிருந்து ஒரு முழம் தூக்கிச் சுவரில் மாட்டச் சொல்வேன்.

கதவு தொங்கிப்போவது தனிக் கதை. 60 சென்டிமீட்டர் உயரம், 45 அகலம் உள்ள ஆறு நூல் பிளைவுட் கதவு சுமார் 3 கிலோ. இரண்டு கீல்களுக்கும் இடைவெளி 40 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவின் எடை நடுவில் இருப்பதால் மேல் கீலை வெளியே இழுக்கும் விசை 1.7 கிலோவுக்குச் சமம். இது ஒன்றுமே இல்லை. ஆனால் திறந்த கதவின் நுனியைப் பிடித்துக்கொண்டு யாராவது எழுந்திருக்கிறார்கள், அல்லது பேரப்பிள்ளை தொங்குகிறான்: 20 கிலோ பாரம் நுனியில் விழுந்தால் மேல் கீலில் அது 22 கிலோவுக்கு மேல் கூடுதல் இழுப்பாகிறது. அதைத் தாங்குவது ஒன்றரை சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டு திருகுகள். பிடித்துக்கொள்ள நார் இல்லாத புட்டுப் பலகையில் அவை எத்தனை தடவை தாக்குப்பிடிக்கும்?

தொங்கிய கதவெல்லாம் செத்த கதவு அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆட்டோ கீலின் கையில் இரண்டு திருகுகள் இருக்கும். முன்னால் இருப்பது கதவைப் பக்கவாட்டில் நகர்த்தும், பின்னால் இருப்பது முன்பின்னாக நகர்த்தும். ஸ்டார் திருப்புளியால் கால் சுற்று சுற்றிப் பார்த்தாலே பாதி வீடுகளில் உரசல் நின்றுவிடும். ஆசாரிக்குச் சொல்லியனுப்புமுன் இதைச் செய்து பார்க்கலாம். செய்து பார்த்ததாக அவரிடம் சொல்லத் தேவையில்லை.

கீல் துருப்பிடிப்பதற்குத் தண்ணீரை மட்டும் குறை சொல்ல முடியாது. டாய்லெட் கழுவும் திரவங்கள் பலவற்றில் சுமார் 10 சதவீதம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. அந்த பாட்டிலை எல்லோரும் பேசினுக்குக் கீழேதான் வைக்கிறோம். மூடி சரியாக இறுகாத பாட்டிலிலிருந்து அமில ஆவி கசிந்து, மூடிய கேபினெட்டுக்குள் கீலின் நிக்கல் பூச்சை அரித்துத் தின்கிறது. எவர்சில்வர் கீல் கூடத் தப்பாது. அதன் மேல் இருக்கும் குரோமியம் ஆக்சைடு தோல் சில நானோமீட்டர் தடிமன்தான். குளோரைடு அயனி அந்தத் தோலில் ஊசிக்குத்தாகத் துளை போடும். கடற்காற்று வீசும் ஊர்களில் கேட்கவே வேண்டாம். அதே தட்டில் பிளீச்சிங் பவுடரையும் வைத்திருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அமிலமும் அதுவும் சேர்ந்தால் குளோரின் வாயு. அது கீல் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை.

சில கதவுகள் பருப்பதில்லை, வளைகின்றன. மூலை ஒன்று எட்டிப் பார்க்கும். வெயிலில் போட்ட அப்பளம் ஏன் சுருள்கிறது என்று யோசித்தால் போதும். மேல்பக்கம் முதலில் காய்ந்து சுருங்குகிறது, அடிப்பக்கம் ஈரமாகவே இருக்கிறது. இரண்டும் ஒட்டிப்பிறந்தவை என்பதால் சண்டை வளைவாக வெளிப்படுகிறது. கதவின் வெளிப்பக்கம் மைக்கா ஒட்டி, காசு மிச்சம் பிடிக்க உள்பக்கம் வெறும் பெயின்ட் அடித்தால் இதே நிலைமை. உள்பக்கம் ஈரம் குடித்து நீளும், வெளிப்பக்கம் நீளாது, கதவின் மூலை கேபினெட்டை விட்டு வெளியே தள்ளி நிற்கும். அதனால்தான் நல்ல தச்சர் உள்ளேயும் ஒரு தகடு கேட்கிறார். ஏமாற்றுகிறார் என்று நினைத்திருக்கிறேன், மன்னிக்க வேண்டும்.

என் கதவுகளில் ஒன்றை ஆசாரி காப்பாற்றினார். கீழே இரண்டு அங்குலம்தான் ஊதியிருந்தது. ஊதிய பகுதியை ரம்பத்தால் நேராக அறுத்தெறிந்து, மிச்சத்தை ஒரு வாரம் நிழலில் காயவைத்து, அறுத்த முகத்தில் எபாக்சி பூசி, அதில் தேக்குப் பட்டி ஒன்றை ஒட்டினார். வெள்ளைக் கதவுக்கு அடியில் பழுப்புக் கரை, புடவைக் கரை மாதிரி. திட்டமிட்டு வைத்த அலங்காரம் என்றே வருகிறவர்கள் நினைக்கிறார்கள். கைப்பிடித் துளையில் தளர்ந்த திருகுக்கு விளக்குமாற்றிலிருந்து ஈர்க்கு ஒடித்து, பசை தோய்த்துத் திணித்து, மறுபடி முடுக்கினார். கீல் திருகு பிய்த்துக்கொண்ட இடத்தில் அது போதாது. அங்கே 8 மி.மீ. துளை போட்டு, கெட்டி மரக்குச்சியைப் பசையோடு அடித்து இறக்கி, அந்தக் குச்சியில் திருகு. சுற்றிலும் பலகை உதிர்ந்திருந்தால் குச்சிக்கும் பிடிமானம் இருக்காது. கீலை இரண்டு அங்குலம் மேலே நகர்த்திப் புதிதாகக் குழி போட வேண்டியதுதான்.

டிராயர் முகம் மாற்றுவது இவற்றில் சுலபமான வேலை. முகப்பலகை என்பது டிராயர் பெட்டிக்கு வெளியே உள்ளிருந்து திருகிய முகமூடி. நாலு திருகைக் கழற்றினால் தனியாக வரும். அதே அளவில் புதுப் பலகை வெட்டி மாட்டலாம். பழைய கைப்பிடியைத் தூக்கி எறிந்தாலும் கவலையில்லை: கைப்பிடித் துளைகளின் இடைவெளி பெரும்பாலும் 96, 128, 160 மி.மீ. என்று 32-இன் மடங்காக இருக்கும். எந்தக் கடையிலும் பொருந்துவது கிடைக்கும். கதவுக்கு மட்டும் கீலின் வளைவைக் கவனிக்க வேண்டும். பூஜ்யம், எட்டு, பதினாறு என்று தச்சர்கள் சொல்வது, கதவு பக்கப்பலகையை முழுதாக மூடுகிறதா, பாதி மூடுகிறதா, உள்ளே அடங்கி நிற்கிறதா என்பதை. பழைய கீலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போவது உத்தமம்.

மற்றக் கதவுகளுக்கு எந்தப் பலகை? கடையில் 'வாட்டர்ப்ரூஃப்' என்ற சொல்லை நம்பாமல் ஷீட்டின் மேல் அடித்திருக்கும் முத்திரையைப் பாருங்கள். ஐ.எஸ். 303 முத்திரையில் பி.டபிள்யூ.ஆர். என்றால் 8 மணி நேரம் கொதிக்கும் தண்ணீரில் தாங்க வேண்டிய பிளைவுட், ஐ.எஸ். 710 என்றால் 72 மணி நேரம், மூன்று பகல் மூன்று இரவு. அதைத் தாங்கவைப்பது அடுக்குகளுக்கு நடுவே இருக்கும் ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பிசின். கருஞ்சிவப்புக் கோடாக விளிம்பில் தெரியும். சாயம் கலந்தும் அந்தக் கோட்டைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால் நிறத்தை மட்டும் சாட்சியாக வைக்காதீர்கள்.

பி.வி.சி. நுரைப்பலகை தண்ணீரைச் சீண்டுவதே இல்லை, கரையானும் தொடாது. ஆனால் சூட்டுக்கு மரத்தைவிடப் பல மடங்கு நீளும், பாரம் தொங்கினால் மெல்ல மெல்லத் தொய்யும், திருகை அடிக்கடி கழற்றி மாட்டினால் பிடிமானம் போய்விடும். சின்னக் கதவுக்கும் டிராயர் முகத்துக்கும் சரி. கண்ணாடி பதித்த பெரிய கதவுக்கு வேண்டாம். நான் 710 பிளைவுட்டுக்குப் போனேன். வீட்டில் எல்லோரும் பி.வி.சி. என்றார்கள். அந்தப் பளபளப்பு எனக்குப் பிடிக்கவில்லை என்பதைத் தவிர வேறு நல்ல காரணம் சொல்ல முடியவில்லை.

அறுத்தெறிந்த பார்ட்டிகிள் போர்டின் நல்ல பகுதியில் ஒரு துண்டு, தேக்கில் ஒரு துண்டு, பிளைவுட்டில் ஒரு துண்டு, மூன்றையும் ஒரு ராத்திரி வாளித் தண்ணீரில் போட்டு வைத்தேன். மனைவி, "என்னங்க, ஊறப்போட வேற ஒண்ணும் கிடைக்கலையா?" என்றாள். காலையில் தேக்கும் பிளைவுட்டும் கண்ணுக்குத் தெரிகிற அளவு மாறவில்லை. பார்ட்டிகிள் போர்டு மட்டும் எட்டு நூலைத் தாண்டியிருந்தது, நகத்தால் கிள்ளினால் பொடியாக வந்தது. பால்கனியில் பத்து நாள் காய்ந்த பிறகும் அப்படியேதான் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை ஆசாரி புதுக் கதவுகளோடு வந்தார். துண்டுகளைக் காட்டினேன். ஒரு பார்வை பார்த்துவிட்டு, தெரிஞ்சதுதானே என்பதுபோலத் தலையாட்டினார். கதவைத் தரையில் தலைகீழாக நிறுத்தி, கீழ் விளிம்பில் சின்ன பிரஷ்ஷால் சீலரைத் தடவ ஆரம்பித்தார். கீல் குழிகளுக்குள், கைப்பிடித் துளைகளின் உள்ளோரத்தில், ஒவ்வொன்றாக. மைக்கா ஒட்டிய முகப்பை அவர் ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை.

"மாட்டிடலாமா அண்ணே?" என்றேன்.

"கால் மணி நேரம் இருக்கட்டும் சார். அடியில இன்னொரு கோட்டு குடுக்கணும்" என்றார்.